மூடிக் கிடந்த ஸ்லைடுகளும் திரும்ப வாங்கிய டிக்கெட் பணமும்

"சில ரைடுகள் முன்னறிவிப்பின்றி மூடப்படலாம். எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது." வாட்டர் பார்க் டிக்கெட்டில் இருந்த இந்த வரியைக் காட்டித்தான் எங்களை அனுப்பிவிடப் பார்த்தார்கள். அந்த வரி எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினோம். கோடை லீவு விட்டால் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கத்திரி வெயிலில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம் என்றால், பாலாற்றில் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் மணல்தான். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் நாங்களும் குடியாத்தத்தில் இருக்கும் நாத்தனார் குடும்பமும் சேர்ந்து சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு வாட்டர் பார்க்குக்குப் போவதென்று முடிவானது. வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வேன் வாடகை, டோல்கேட், வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் டிக்கெட்டுக்குச் சமமாகவே செலவு வந்துவிடும். அதனால் ஆன்லைனில் புக் செய்வதற்கு முன்பு அவர்களுடைய இணையதளத்தை முழுக்கப் படித்தேன். எந்தெந்த ஸ்லைடு இருக்கிறது, எதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்து, படம் எடுத்தும் வைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் எடுத்தேன், ஆனால் பின்னால் வழக்குக்கே அதுதான் ஆதாரமாகும் அளவுக்கு உதவியது.

டிக்கெட் விதிகளில் பலரைக் குழப்புவது உயரக் கணக்குதான். நுழைவாயிலில் வயது கேட்பதில்லை, சுவரில் வரைந்த அளவுகோலுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்துகிறார்கள். நாங்கள் போன இடத்தில் 90 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் சிறுவர் டிக்கெட், இன்னும் வளர்ந்துவிட்டால் பெரியவர் டிக்கெட். ஆனால் பெரிய ஸ்லைடுகளில் தனியாக ஏற 120 சென்டிமீட்டர் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் சங்கடம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் 118 இருந்தாள். அவளுக்குச் சிறுவர் டிக்கெட் எடுத்தாக வேண்டும், ஆனால் பெரிய ஸ்லைடு எதிலும் ஏற முடியாது. அவளுக்கு இருந்தது குட்டிப் பிள்ளைகளின் குளமும், பெரியவர்களோடு சேர்ந்து ரப்பர் மிதவையில் உட்கார்ந்து வரும் குடும்ப ஸ்லைடும்தான். அந்தக் குடும்ப ஸ்லைடை நம்பித்தான் டிக்கெட் எடுத்தோம்.

நனையாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கப் போகிற மாமியாருக்கும் முழு டிக்கெட் என்றார்கள். பார்வையாளருக்கு என்று குறைந்த கட்டணம் சில இடங்களில் உண்டு, இங்கே இல்லை. அது முன்கூட்டியே எழுதியிருந்தது, நாங்களும் தெரிந்தே கட்டினோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைலான் உடைதான் போட வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். நாத்தனார் அதற்குக் கோபப்பட்டார். ஆனால் அது நியாயமான விதி. காட்டன் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிசிறு போய் வடிகட்டியை அடைக்கும். துப்பட்டா மாதிரி தளர்ந்த துணி ஸ்லைடில் மாட்டினால் ஆபத்து. இரும்பு ஜிப், கொக்கி எல்லாம் ஃபைபரைக் கீறிவிடும், அந்தக் கீறல் அடுத்து வருகிறவரின் முதுகைக் கிழிக்கும்.

சரி, உள்ளே போனோம். உடை மாற்றிக்கொண்டு பிள்ளைகள் நேராக ஓடியது குடும்ப ஸ்லைடுக்கு. படிக்கட்டின் அடியில் குறுக்கே பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த உயரமான இரண்டு ஸ்லைடுகளும் அப்படியே. மேலே வாய்ப்பகுதியை நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. கீழே வந்து விழுகிற தொட்டியில் தண்ணீரே இல்லை. காய்ந்த இலையும், உதிர்ந்து பழுப்பேறிய கொன்றைப் பூவும் ஒரு விரல் உயரத்துக்குச் சேர்ந்திருந்தன. ஃபைபர் ஒட்டும் பசையின் வாடை அடித்தது. ஓரத்தில் தேய்ப்புத்தாளும் டப்பாக்களும் கிடந்தன. அன்று காலையில் மோட்டார் பழுதாகி நின்ற ஸ்லைடு இப்படி இருக்காது. அங்கே நின்றிருந்த காவலாளி அண்ணனிடம் கேட்டேன். "போன வாரத்துலேர்ந்தே ஓடலைம்மா, ரிப்பேர் நடக்குது" என்றார். அந்தத் தொட்டியை, தார்ப்பாயை, கயிற்றை எல்லாம் போனில் படம் எடுத்தேன்.

ஸ்லைடுகள் மூடியிருந்தால் அந்த ஸ்லைடுகள் மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கக்கூடாது. ஒரு ஆள் கீழே இறங்கி, தொட்டியைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும், அதுதான் பாதுகாப்பு. ஒருவருக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் ஒரு ஸ்லைடில் மணிக்கு 120 பேர்தான் போக முடியும். லீவு நாள் கூட்டம் முழுக்க மிச்சமிருந்த ஸ்லைடுகளில் போய் நின்றது. சுடுகிற படிக்கட்டில் செருப்பில்லாமல் வரிசை. எட்டாவது படிக்கிற நாத்தனார் மகன் மதியம் வரைக்கும் மொத்தமாக விளையாடியதைவிட வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். என் மகளோ மூன்று வயதுப் பிள்ளைகள் விளையாடும் முழங்கால் ஆழக் குளத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பிற்பகலில் இடி இடித்தது. உடனே விசில் ஊதி எல்லோரையும் தண்ணீரைவிட்டு வெளியே வரச் சொன்னார்கள், எல்லா ஸ்லைடும் நின்றது. பலர் சத்தம் போட்டார்கள். ஆனால் இதில் பார்க் ஊழியர்கள் செய்ததுதான் சரி. உயரமான இரும்புப் படிக்கட்டு, ஈர உடம்பு, திறந்த குளம், மின்னல் நேரத்தில் இதைவிட மோசமான இடம் கிடையாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது நீச்சல்குளங்களில் பரவலாகக் கடைப்பிடிக்கும் விதி. பலத்த காற்று, திடீர் மின்தடை, யாருக்காவது அடிபட்டது, இப்படி அந்த நேரத்தில் வந்த காரணத்துக்காக மூடினால் "முன்னறிவிப்பின்றி மூடப்படலாம்" என்ற வரி முழுக்கச் செல்லும். அதற்கு நான் ஒரு ரூபாய்கூடக் கேட்கமாட்டேன்.

என் விஷயம் வேறு. ஒரு வாரமாக ஓடாத ஸ்லைடு இன்று ஓடாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் டிக்கெட் விற்கும்போது சொல்லவில்லை, இணையதளத்திலும் போடவில்லை, நுழைவாயிலில் ஒரு பலகைகூட வைக்கவில்லை. கவுண்டரில் இதைத்தான் கேட்டேன். அங்கிருந்த தம்பி டிக்கெட்டைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். மேலாளர் வந்து, ஒரு மாதத்துக்குள் வார நாளில் இன்னொரு முறை இலவசமாக வரலாம் என்று கூப்பன் நீட்டினார். "சார், நாங்க வேலூர். மறுபடியும் வேன் வச்சு வரணும்னா உங்க டிக்கெட்டைவிட அதிகமா ஆகும். அதுவும் வார நாள்ல யாருக்கு லீவு?" என்றார் என் வீட்டுக்காரர். கூப்பனை வாங்கவில்லை. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். புகார் புத்தகம் கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள், அப்புறம் கொண்டுவந்தார்கள். எந்தெந்த ஸ்லைடு மூடியிருந்தது, எப்போதிலிருந்து என்று தமிழிலேயே எழுதி, அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மெயில் அனுப்பினேன். வந்த பதில் அதே வரிதான். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் பதியலாம். புகார் எண் வந்தது. ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: இவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பி வழக்குக்கு முன்பே பேசி முடிக்க உதவுகிறவர்கள். எங்கள் புகாருக்கும் பார்க்கிலிருந்து மீண்டும் கூப்பன்தான் பதிலாக வந்தது. ஆனாலும் அந்தப் பதில் எழுத்தில் கிடைத்தது ஒரு நன்மை. "ஸ்லைடுகள் பராமரிப்பில் இருந்தன" என்று அவர்களே அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு பார்க்குக்கு நோட்டீஸ். வக்கீல் வைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்லும் 2(11) பிரிவில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான் என்று தெளிவாக இருக்கிறது. நான் கவுண்டரில் கேட்டதும் இதைத்தானே! குறையுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவு சொல்கிறது, பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. எங்களுக்குப் பெரிய தைரியம் தந்தது 34-ஆவது பிரிவு. பார்க் எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் ஆன்லைனிலேயே பதியவும் முடியும்.

நோட்டீஸை ஒரே பக்கத்தில் முடித்தேன். புக் செய்த தேதி, அன்றைக்கு இணையதளத்தில் இருந்த ஸ்லைடு பட்டியலின் படம், தொட்டியின் படம், புகார் புத்தகத்தின் பக்கம், 1915-க்கு அவர்கள் கொடுத்த பதில், இவ்வளவுதான் இணைப்பு. எவ்வளவு கேட்பது என்பதில் வீட்டில் பேச்சு நீண்டது. முழுப் பணத்தையும் கேட்க வேண்டும் என்றார் நாத்தனார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலைக்குளத்திலும் மற்ற ஸ்லைடுகளிலும் சாயங்காலம் வரை இருந்திருக்கிறோம். அதனால் பெரியவர்கள் டிக்கெட்டில் பாதியும், மகளின் டிக்கெட்டை முழுதாகவும் கேட்டேன். மாமியார் டிக்கெட்டைக் கேட்கவில்லை, அவர் எப்படியும் ஸ்லைடில் ஏறப் போவதில்லை. காட்பாடி அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினேன்.

நோட்டீஸில் கொடுத்திருந்த கெடு முடிவதற்குள் பார்க்கிலிருந்து போன் வந்தது. இந்த முறை பேசியவர் மரியாதையாகவே பேசினார். "கேட்ட தொகையைத் தர்றோம் மேடம், ஆனா ஜிஎஸ்டி கவர்மென்ட்டுக்குக் கட்டியாச்சு, அதைக் கழிச்சுட்டுத்தான் தர முடியும்" என்றார். வாட்டர் பார்க் டிக்கெட்டுக்கு 18 சதவீத வரி. 2018 ஜனவரியில்தான் 28-லிருந்து குறைத்தார்கள். 18 சதவீதம் என்பது குடும்பம் முழுக்கச் சேர்த்தால் சின்னத் தொகை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, எங்க கம்பெனியில சரக்கு குறைன்னு திரும்பி வந்தா தினமும் இதைத்தான் செய்யறோம். கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைச்சுக் கொடுக்கற சீட்டு, போட்டா அந்த வரியை அவங்க கணக்குல குறைச்சுக்கலாம். சேவையில குறைன்னாலும் போடலாம், ஜிஎஸ்டி சட்டத்துல 34-ஆவது பிரிவு" என்றான். அதையே திருப்பிச் சொன்னேன். மறுபேச்சு இல்லை. வரியோடு சேர்த்து, புக் செய்த அதே கணக்குக்குப் பணம் வந்தது. இந்தப் புகார் முடிந்தது, இனி கோரிக்கை இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முன்னால் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

இப்போது எந்த பார்க்குக்குப் போவதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முதல் நாள் "நாளைக்கு எந்த ஸ்லைடெல்லாம் ஓடும்?" என்று மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டுவிடுகிறேன், பதில் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. 90-க்கும் 120-க்கும் நடுவில் உயரமுள்ள பிள்ளை இருந்தால் குடும்ப ஸ்லைடு ஓடுகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும், அது இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் போன கோடையில் வேறொரு பார்க்குக்குப் போய் இதே மாதிரி திரும்பி வந்திருக்கிறார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்களாம். போனில் புக்கிங் மெசேஜும், வங்கிக் கணக்கில் பணம் போன பதிவும் இருந்தால் போதும், இரண்டு வருடம் வரை புகார் கொடுக்கலாம் என்று சொல்லி, என் நோட்டீஸின் நகலை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.