ஓர்க்னியில் ஓர் ஓடையோரம்

கிளாஸ்கோவில் கெல்வின் ஹால் என்ற கட்டடத்தில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. ஒரு மழை நாளில் அங்கே ஒதுங்கியபோது நாலரை நிமிடப் படம் ஒன்றைப் பார்த்தேன். ‘போர்ட்ரெய்ட் ஆஃப் கா’, 1952. ஒரு வயதான அம்மா சிகரெட் பிடிக்கிறார், நடக்கிறார், ஒட்டிக்கொண்ட மிட்டாய்க் காகிதத்தைப் பொறுமையாகப் பிரிக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த விரல்களைப் பார்த்ததும் திருநெல்வேலியில் என் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளியது கண்முன்னே வந்து நின்றது. அவசரமே தெரியாத விரல்கள். ஆச்சி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவள் கைகளை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

எடுத்தவர் மார்கரெட் டெய்ட். படத்தில் இருப்பது அவருடைய அம்மா. ஜூன் மாதம் நான் ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஓர்க்னி தீவுகளுக்குக் கிளம்பியது அவர் பார்த்த இடங்களைப் பார்க்கத்தான்.

இன்வெர்னஸிலிருந்து தர்சோவுக்கு ரயிலில் நாலு மணி நேரம். பக்கத்தில் ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல் பயணம். வழியில் ‘ஓல்ட் மேன் ஆஃப் ஹாய்’ என்ற 137 மீட்டர் உயரக் கல்தூண் கடலுக்குள் தனியாக நிற்கும். கப்பலில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஓர்க்னியில் சுமார் 70 தீவுகள், அதில் இருபதில்தான் மக்கள். மரம் அபூர்வம். பச்சைப் புல், மாடுகள், கம்பிவேலி, அதற்கு மேல் வானம்.

டெய்ட் 1918இல் இங்கே கிர்க்வால் ஊரில் பிறந்தவர். படித்தது மருத்துவம், எடின்பரோவில். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியா, இலங்கை, மலாயா வரைக்கும் வந்திருக்கிறார். நம் கடற்காற்றும் அவர் முகத்தில் பட்டிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருந்தது. போர் முடிந்து சில வருடங்களில் ரோமுக்குப் போய்த் திரைப்படம் படித்தார். திரும்பி வந்து, ரோமில் தங்கியிருந்த தெருவின் பெயரையே வைத்து ‘அன்கோனா ஃபிலிம்ஸ்’ தொடங்கினார். அப்புறம் வாழ்நாள் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள், பெரும்பாலும் சொந்தக் காசில். கை சுருங்கும்போது வேறு மருத்துவர்களுக்குப் பதிலாகப் போய் வேலை பார்ப்பார். முதல் முழுநீளப் படம் 1992இல்தான் வந்தது. எழுபது வயதைத் தாண்டிவிட்டிருந்தார்.

அவர் கையில் இருந்தது சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் கேமரா. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். அவருடைய ஒவ்வொரு காட்சியும் ஒரு மூச்சு அளவுக்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது 1981இல் வந்த ‘லேண்ட் மேக்கர்’. ‘மேக்கர்’ என்றால் ஸ்காட்லாந்துப் பழைய பேச்சில் கவிஞர். அப்படிப் பார்த்தால் ‘நிலக் கவி’. ஒரு சின்ன ஏரிக்கரையில் சிறு பண்ணை. அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெண். ஏறக்குறைய எல்லா வேலையையும் அவரே செய்கிறார். டெய்ட் பல பருவங்களுக்குத் திரும்பத் திரும்ப அங்கே போய் எடுத்திருக்கிறார். நிலம் என்பது சும்மா கிடக்கும் அழகு இல்லை, அதைத் தினமும் ஒருவர் கை செய்துகொண்டே இருக்கிறது என்பது படத்தில் தெரியும். கிராமத்துப் படம் என்றால் விடியலில் ஏர், மாலையில் புழுதி என்று எடுத்துத் தள்ளுவதைப் பார்த்துப் பழகியவன் நான். இந்தப் படத்தில் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்படவும் தோன்றவில்லை, அவரைக் கும்பிடவும் தோன்றவில்லை. பக்கத்து வயலில் நின்று பார்ப்பது போல இருந்தது.

கிர்க்வாலில், நூலகத்தோடு சேர்ந்த காப்பகத்தில் டெய்டின் தாள்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. குடும்ப வீட்டை விட்டுப் போகும்முன் 1975 ஜூனிலிருந்து நவம்பர் வரை அந்த வீட்டையும் தோட்டத்தையும் ‘எ பிளேஸ் ஆஃப் வொர்க்’ என்று படமாக்கியதும் இதே ஊரில்தான். நான் அந்தத் தெருவைத் தேடிப் போகவில்லை. இப்போது வேறு யாரோ வாழும் இடம்.

போட்டிருந்த திட்டத்தில் நாலு தீவுகள் இருந்தன. மூன்றை விட்டுவிட்டேன். அவருடைய ‘ஓர்க்கில் பர்ன்’ (1955) தான் காரணம். ‘பர்ன்’ என்றால் ஓடை. ஓர் ஓடையைப் பிடித்துக்கொண்டு அது பிறக்கும் இடத்தைத் தேடிப் போகும் படம். ஆச்சி ஊரில் தாமிரபரணிக் கால்வாய் எங்கே பிரிகிறது என்று இந்த வயது வரை நான் போய்ப் பார்த்ததில்லை.

தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று கேட்டேன். “ஒரு பீடி ஓடை இருக்கு, போய்ட்டு வாங்க” என்றார். ஓர்க்னியில் சின்னது எல்லாமே ‘பீடி’. பீடிக் குழந்தை, பீடி வீடு.

சரி என்று மூன்று நாளும் அங்கேயே போனேன். முதல் நாள் தண்ணீர் மட்டும் தெரிந்தது. இரண்டாம் நாள் மேலே ஏறினேன். பஞ்சு போல வெள்ளையாகப் பூக்கும் சதுப்புப் புல், நீண்டு வளைந்த அலகோடு கூவிக்கொண்டு பறந்த கர்லூ. இந்த இனம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வரும். இன்னும் மேலே போனால் ஓடை குறுகி, புல்லுக்குள் கசிவாகி, எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் போய்விட்டது. ஷூவுக்குள் தண்ணீர் ஏறியதும்தான் அதன் மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

கடைசி நாள் இரவு பத்து மணி. வெயில் இன்னும் போகவில்லை. செல்போனை எடுத்து, கையை ஆட்டாமல், இருபத்தெட்டு விநாடி எண்ணினேன். வேலி ஓரம் இரண்டு பசு. ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.