ஃபுகுவோகாவில் ஆறு பாய் அறை

மூன்று மாத வேலையாக ஃபுகுவோகாவுக்குப் போக வேண்டும் என்றதும் நான் முதலில் தேடியது சாதாரண வாடகை வீடு. ஜப்பானில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம். அட்வான்ஸ் போக, 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுக்கும் பணம் வேறு. அது திரும்பி வராது. தரகர் கட்டணம், ஜாமீன் நிற்கும் நிறுவனத்துக்கு ஒரு தொகை, தீ காப்பீடு என்று வரிசையாக வரும். இத்தனையும் கொடுத்து உள்ளே போனால், பல வீடுகளில் கூரை விளக்குகூட இருக்காது. திரைச்சீலை, அடுப்பு எல்லாம் நாமே வாங்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் மாதக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் 'மன்த்லி மான்ஷன்' எடுத்தேன். போனில் சொன்னதும், "திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரியாடா?" என்று கேட்டார் அண்ணன். ஜப்பானில் மான்ஷன் என்றால் கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு, அவ்வளவுதான். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் எல்லாம் அறையிலேயே இருந்தன. மின்சாரமும் தண்ணீரும் வாடகையிலேயே சேர்த்தி.

விளம்பரத்தில் ஸ்டேஷனிலிருந்து நடை 8 நிமிடம் என்று போட்டிருந்தது. ஜப்பானில் அது நிமிடத்துக்கு 80 மீட்டர் என்ற கணக்கு. சிக்னலில் நிற்கும் நேரம் அதில் சேராது. பெட்டியை இழுத்துக்கொண்டு போன எனக்குப் பதிமூன்று நிமிடம் ஆனது. வீடு பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையின் அளவு ஆறு பாய். தரை மரப்பலகைதான், ஆனாலும் அளவை, ஜப்பானிய வீட்டுத் தரையில் பதிக்கும் தத்தாமி பாயில்தான் சொல்கிறார்கள். நம் கணக்கில் நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. வாசலில் செருப்பு விட ஒரு பள்ளம். அதைத் தாண்டியதும் வரும் நடைபாதைதான் சமையலறை: ஒரு சிங்க், ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு.

அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய அலுமினிய குக்கரை அந்த அடுப்பில் வைத்தேன். நாலு முறை கீச்சிட்டுவிட்டு அணைந்துபோனது. இண்டக்‌ஷனில் அலுமினியம் சூடாகாது என்பது ஊரில் கேஸ் அடுப்பிலேயே சமைத்த எனக்குத் தோன்றவே இல்லை. மிக்ஸியும் கைவிட்டது. நமக்கு 230 வோல்ட், அங்கே 100. தேங்காய்ச் சில்லு அரைபடாமல் ஜாருக்குள் மெதுவாகச் சுற்றி வந்தது. அன்று ராத்திரி வெறும் பிரெட்தான். அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ரைஸ் குக்கர்தான் காப்பாற்றியது. துவரம் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாதி அளவுக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி வைத்தால் குழைந்து வெந்துவிடும். அளவு கூடினால் மூடியோரம் நுரை பொங்கி வழியும். ஜப்பானிய அரிசி ஒட்டும், சாம்பார் சாதத்துக்குச் சரிப்படாது. ஆனால் தயிர் சாதத்துக்கு அதைப் போல வேறு அரிசி இல்லை. சூட்டோடு மசித்து, ஆறியதும் தயிர் விட்டுப் பாருங்கள். தாளிப்பதற்கு முன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவேன். பக்கத்து அறைக்காரர் தும்மினால்கூடக் கேட்கும் சுவர், கடுகு வாசனை போகாமலா இருக்கும்?

குப்பை விஷயத்தில்தான் பயந்துகொண்டே போனேன். ஃபுகுவோகாவில் குப்பையை ராத்திரியில் எடுக்கிறார்கள். எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், நகராட்சியின் சிவப்புப் பையில் கட்டி, பொழுது சாய்ந்த பிறகு நள்ளிரவுக்குள் வைக்க வேண்டும். தெரியாமல் முதல் வாரம் காலையிலேயே கொண்டுபோனேன். கீழ்வீட்டுப் பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, வானத்தைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் செய்தார். புரிந்துவிட்டது. சாயந்திரம் இருட்டியதும் அவரே வந்து கதவைத் தட்டினார். இருவரும் ஆளுக்கொரு சிவப்புப் பையோடு இறங்கினோம். கிளம்பும் வாரம் வரை அந்த இரண்டு ராத்திரிகளும் அப்படியே நடந்தன.

குக்கரைப் பத்திரமாக ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.