வைஃபை அட்டையும் நிரம்பி வழிந்த கெர்னல் லாக்கும்: சரிசெய்த அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவியிருந்த மடிக்கணினியில் ரூட் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) நிறைந்துவிட்டதாக எச்சரிக்கை வந்ததும், எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டியு கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை, கணினியில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகள். கெர்ன் லாக், சிஸ்லாக் இரண்டுமே பல ஜிபி அளவுக்கு வளர்ந்திருந்தன. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் ஒரே செய்தியை, லாக் எழுதும் நிரலான ஆர்சிஸ்லாக் இரண்டு கோப்புகளிலும் எழுதுவதால் இடம் இரட்டிப்பாகப் போயிருந்தது. இத்தகைய நேரத்தில் கோப்பை அழித்தால் மட்டும் போதாது. ஆர்சிஸ்லாக் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருப்பதால், பெயர் மறைந்தாலும் வட்டில் இடம் திரும்பக் கிடைக்காது. எனவே டிரங்கேட் கட்டளையால் கோப்பின் அளவைச் சுழியமாக்கி, இன்னொரு லாக் தொகுப்பான ஜர்னலையும் 200 எம்பிக்குச் சுருக்கிய பிறகே செய்திகளைப் படிக்கத் தொடங்கினேன்.

நான்கு வரிகள் கொண்ட ஒரே தொகுதி நொடிக்குப் பலமுறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. பிழை வந்த ரூட் போர்ட்டின் (அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் வாயில்) முகவரி முதல் வரியில் இருந்தது. இரண்டாம் வரி, பிழையின் கடுமை ‘கரெக்டெட்’ (திருத்தப்பட்டது) என்றும், அது நிகழ்ந்த அடுக்கு ‘டேட்டா லிங்க் லேயர்’ என்றும் சொன்னது. மூன்றாம் வரியில் 00001000/00002000 என்ற இரண்டு பதினறும (ஹெக்சாடெசிமல்) எண்கள் இருந்தன. நான்காவது வரி ‘[12] டைம்அவுட்’ என்று முடிந்தது. பலர் இந்த எண்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் விடை அவற்றில்தான் இருக்கிறது. முதல் எண், எந்தப் பிழை நிகழ்ந்தது என்பதைக் காட்டும் நிலைப் பதிவேடு. அதில் 1000 என்பது 12ஆம் பிட்டைக் குறிக்கிறது, அந்தப் பிட்டுக்கு ‘ரீப்ளே டைமர் டைம்அவுட்’ என்று பொருள். இரண்டாவது எண் எந்தப் பிழையை அறிவிக்க வேண்டாம் என்று மறைத்து வைத்திருப்பதைக் காட்டுகிறது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் செல்லும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை எண்ணும், 32 பிட் சரிபார்ப்புத் தொகையும் உண்டு. ஒப்புகை வரும்வரை அனுப்பிய பக்கம் ஒரு நகலைக் கையில் வைத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அந்த நகலை மீண்டும் அனுப்பும். ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலைப் போன்ற ஏற்பாடு இது. ஆகவே, ‘கரெக்டெட்’ என்று வரும் பிழையால் தரவு சிதையவில்லை; வன்பொருளே மறுபடி அனுப்பிச் சரிசெய்துவிட்டது. வைஃபை இடைமுகத்தின் புள்ளிவிவரத்தில் பிழைகளும் கைவிடப்பட்ட பொட்டலங்களும் சுழியமாகவே இருந்ததும், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை தடையின்றி ஓடியதும் இதனோடு பொருந்தின. இணையம் நன்றாக வேலை செய்யும்போதே லாக் நிறைவது ஏன் என்ற குழப்பம் அத்துடன் தீர்ந்தது.

அடுத்து, ரூட் போர்ட்டின் கீழே இருக்கும் கருவியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. செய்தியில் வரும் முகவரி போர்ட்டுக்கு உரியது என்பதால் அதை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய இயலாது. பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை மர வடிவில் ஓட்டியபோது அந்தப் போர்ட்டில் வைஃபை அட்டை ஒன்றே தொங்கியது. விரிவான வெளியீட்டில் அந்த இணைப்புக்கு ஏஎஸ்பிஎம் எல்1 இயக்கத்தில் இருந்தது. வேலை இல்லாதபோது இணைப்பையே உறங்கவைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் வசதி இது. உறக்கத்திலிருந்து எழ அட்டை தாமதித்தால் ஒப்புகையும் தாமதமாகும், டைமரும் காலாவதியாகும்.

இந்தச் செய்திக்கு உடனே பரிந்துரைக்கப்படும் தீர்வு, கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் அளவுருக்களில் பிசிஐ நோஏஇஆர் என்பதைச் சேர்ப்பது. அதை நான் ஏற்கவில்லை, பிறருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது பிழையை நிறுத்துவதில்லை, பிழையை அறிவிக்கும் வழியைக் கணினி முழுவதற்குமே அடைத்துவிடுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸில் இணையும் என்விஎம்இ வட்டும் அதே வழியில்தான் தன் பிழைகளைச் சொல்கிறது. நாளை அந்த வட்டில் திருத்த முடியாத பிழை வந்தால் அதையும் நாம் அறியமாட்டோம். பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஆஃப் என்ற இன்னொரு அளவுருவும் பெயரைப் பார்த்து நினைப்பதைச் செய்வதில்லை: கெர்னல் ஏஎஸ்பிஎம்மைத் தொடாது, பயாஸ் (கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்) இயக்கி வைத்தது அப்படியே தொடரும் என்பதே ஆவணம் தரும் விளக்கம்.

ஆகவே, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏஎஸ்பிஎம் கொள்கைக் கோப்பில், மின்சேமிப்பை நிறுத்தும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று எழுதிச் சோதித்தேன். செய்திகள் அந்தக் கணமே நின்றன. சில கணினிகளில் பயாஸ் இந்த மாற்றத்தை அனுமதிக்காது, நல்லவேளையாக இதில் அனுமதித்தது. லாக் அமைதியானதை மட்டும் வைத்துக் காரணம் உறுதியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால், கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தப் போர்ட்டின் அடைவில் உள்ள திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கைக் கோப்பைப் பார்த்தேன். பிழை வகைவாரியாக அது எண்ணிக்கை தருகிறது. பெரிய கோப்பொன்றைப் பதிவிறக்கியும், சற்று நேரம் சும்மா விட்டும் பார்த்தேன். டைம்அவுட் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. கொள்கையைப் பழையபடி ‘டிஃபால்ட்’ ஆக்கியதும் மீண்டும் ஏறத் தொடங்கியது. காரணம் ஐயமின்றி உறுதியானது.

எல்லா இணைப்புகளுக்கும் மின்சேமிப்பை நிறுத்தினால் பேட்டரி வீணாகும். கெர்னல் 5.5 முதல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக எல்1 நிலையை நிறுத்த சிஸ்எஃப்எஸ்ஸில் ‘லிங்க்’ என்ற அடைவு இருக்கிறது. வைஃபை அட்டைக்கு உரிய கோப்பில் மட்டும் 0 என்று எழுதி, அதையே, கருவி கண்டறியப்படும்போது தானாக இயங்கும் யுடெவ் விதியாகவும் சேர்த்தேன். பேருந்து முகவரி மாறினாலும் விதி தவறாமல் பொருந்த வேண்டும் என்பதால், அட்டையின் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் வைத்தே அதை எழுதினேன். கணினியை மறுதொடக்கம் செய்தும், உறங்கவைத்து எழுப்பியும் பார்த்தேன். எல்1 அணைந்தே இருந்தது, எண்ணிக்கையும் அசையவில்லை.

2025இல் வெளியான 6.16 கெர்னலிலிருந்து இத்தகைய திருத்தப்பட்ட பிழைச் செய்திகள் எழுதப்படும் வேகத்துக்குக் கட்டுப்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. புதிய கெர்னலில் இதே கோளாறு வட்டை நிரப்பாமல் அமைதியாகவே இருந்துவிடக்கூடும். எனவே லாக்கில் ஓரிரு முறை மட்டும் இந்தச் செய்தியைக் காண்பவர்களும் எண்ணிக்கைக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.