42-இல் வந்த பேண்ட்

பிஎச்டி இரண்டாம் வருடத்தில் நான்கு மாதம் ஒரு ஆன்டிபாடியோடு மல்லுக்கட்டினேன். ஆன்டிபாடி என்றால் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம். இது ஸ்டிங் என்ற புரதத்தைக் காட்டித் தரவேண்டியது.

செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கவேண்டிய இடம் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும்தான். சைட்டோபிளாசத்தில் தலைகாட்டினால், வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதோ என்று செல் உஷாராகிவிடும். சிகாஸ் என்ற என்சைம் அந்த டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு, ஏடிபியையும் ஜிடிபியையும் இணைத்து சிகேம்ப் என்ற சின்ன மூலக்கூறைச் செய்யும். சிகேம்ப் போய் ஸ்டிங்கை எழுப்பும். கடைசியில், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கும். சிகாஸைக் கண்டுபிடித்ததற்காக டல்லாஸில் இருக்கும் சிஜியான் சென்னுக்கு 2024-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

என் வேலை எளிது. டிஎச்பி-1 என்ற மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்களுக்குள் ஹெரிங் மீன் விந்தகத்து டிஎன்ஏவைச் செலுத்தி, 0, 1, 3, 6 மணி நேரத்தில் ஸ்டிங் என்ன ஆகிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கவேண்டும். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை அது. புரதம் இருக்கும் இடத்தில் பேண்ட், அதாவது ஒரு பட்டை, தெரியும். மனித ஸ்டிங்கில் 379 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 42 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). முதல் பிளாட்டிலேயே 42-இல் அழகான, கறுத்த பேண்ட். அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

லேபில் சீனியர் அக்கா மட்டும் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹெக் 293டி லைசேட் ஓட்டினியா?" என்று கேட்டார். ஹெக் 293டி ஒரு மனித செல் வகை, லைசேட் என்பது செல்களை உடைத்தெடுத்த சாறு. அந்தச் செல்களில் ஸ்டிங் இருக்காது என்பார்கள். ஓட்டினேன். அதிலும் அதே பேண்ட், அதே கறுப்பு. சரி, கொஞ்சம் இருக்கிறதோ என்னவோ என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஸ்டிங் ஜீனை நீக்கிய டிஎச்பி-1 செல்களைப் பக்கத்து லேபில் கடன் வாங்கினேன். அதிலும் பேண்ட்! இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஆன்டிபாடி. கம்பெனிக்கு எழுதினால், செறிவை மாற்றிப் பாருங்கள் என்று பதில் வந்தது. மாற்றிப் பார்த்ததில் பொய் பேண்ட் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

அடுத்து வாங்கியது முயல் மோனோகுளோனல், அதாவது முயலிலிருந்து வந்த, ஒரே வகையான ஆன்டிபாடி. இந்த முறை, நாக்-அவுட் செல்லில், அதாவது ஜீனை நீக்கிய செல்லில், சோதித்த படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். பேண்ட் 35 பக்கம் வந்தது, நாக்-அவுட்டில் சுத்தமாக இல்லை. ஸ்டிங் சவ்வுப் புரதம். ஜெல்லில் கணக்கைவிட வேகமாக இறங்கிவிடும். இது தெரிந்த ஆட்களுக்கு 42 பேண்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். இன்னொன்று, ஜெல்லின் எல்லா லேனிலும் (வரிசையிலும்) ஒரே அளவு மாதிரி ஏற்றியிருக்கிறதா என்று காட்ட லோடிங் கன்ட்ரோலாக ஒரு புரதத்தைப் பார்ப்போம். ஜிஏபிடிஎச் என்ற புரதம் 37-இல் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் என்பதால் டியூபுலின் என்ற புரதத்துக்கு மாறினேன்.

அப்புறம்தான் நிஜப் பரிசோதனை. 0, 1 மணியில் பேண்ட் தெளிவு, 3-இல் மங்கல், 6-இல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. டியூபுலின் எல்லா லேனிலும் ஒரே சீர். இந்த ஆன்டிபாடியும் கைவிட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு வாரம் டிரான்ஸ்ஃபர் நேரத்தையும் பஃபரையும் மாற்றி மாற்றி வீணடித்தேன். அக்காதான், "ஆன்டிபாடியை விடு, புரதம் எங்கே போச்சுன்னு யோசி" என்றார். எழுந்து வேலையை முடித்த ஸ்டிங்கைச் செல்லே லைசோசோம் என்ற செரிமானப் பைக்கு அனுப்பி அழித்துவிடும். ஓயாமல் இன்டர்ஃபெரான் சுரந்தால் உடம்புக்குத்தான் கேடு. லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து அந்த அழிப்பைத் தடுக்கும் பாஃபிலோமைசினைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். 6 மணி லேனில் 35-இல் பேண்ட் நின்றது. அன்று டீ வாங்கவில்லை. மூன்று முறை திரும்ப ஓட்டிய பிறகுதான் வாங்கினேன்.

இப்போது பாஸ்பேட் ஒட்டிய ஸ்டிங்கை மட்டும் காட்டும் பாஸ்போ-ஸ்டிங் ஆன்டிபாடி வந்து இறங்கியிருக்கிறது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கத் தாளை மூடிவைக்கும் பால் பவுடர் இதற்கு ஆகாது. பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஒட்டிய புரதம். அதற்குப் பதிலாக பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதத்தைக் கரைத்து வைத்துவிட்டேன். முதல் ஜெல்லில் ஒரு கிணறு (மாதிரி ஊற்றும் குழி) நாக்-அவுட்டுக்கு.