எத்தனை பாகம் இருக்கும்?

கடந்த மழைக்காலத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு காணொளி வந்தது. மெகலோடான் என்னும் ராட்சதச் சுறா அழியவே இல்லை, குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் இன்றும் திரிகிறது என்று ஒரு குரல் பதற்றத்தோடு சொல்லிக்கொண்டே போக, இருண்ட நீரில் ஒரு நிழல் நகர்ந்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் படகுகளில் முப்பது ஆண்டுகள் சுறாத் தூண்டிலுக்குப் போய்வந்த என் பெரியப்பாவிடம் அதைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, “எத்தனை பாகம் இருக்கும் மக்களே? பக்கத்துல வள்ளம் ஒண்ணும் இல்லியே, எதை வச்சு அளந்தான்?” என்று கேட்டார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறடி.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு, மீன் நிற்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்பதை எங்கள் கரைக்காரர்கள் கணியம் பார்த்தே கண்டார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னால் தெரியும் மலைமுகடும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி படகை நிறுத்தி, வேறொரு திசையிலும் அப்படியே இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார். ஒரே கோட்டை நம்பி யாரும் நங்கூரம் போட மாட்டார்கள். அளவு தெரிந்த பொருள் எதுவும் அருகில் இல்லாத நிழலும் அந்த ஒற்றைக் கோடு போன்றதுதான்: கேமராவை உரசிப்போகும் சின்னச் சாளை மீனாகவும் இருக்கலாம், தொலைவில் போகும் திமிங்கிலமாகவும் இருக்கலாம்.

மெகலோடான் அழிந்து சுமார் 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சுறாக்களுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். உள்ளங்கையை மறைக்கும் மெகலோடான் பற்கள் பல நாடுகளில் ஏராளமாகக் கிடைத்திருந்தாலும், அவை அனைத்தும் புதைபடிவங்களே. புதிதாக உதிர்ந்த பல் ஒன்றுகூட இல்லை. ஆழத்தில் ஒளிந்திருக்கிறது என்பதும் பொருந்தவில்லை. அது தின்ற திமிங்கிலங்கள் மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டியவை. இரை மேலே இருக்க, வேட்டையாடும் விலங்கு இருட்டில் பட்டினி கிடக்குமா?

1977இல் நியூசிலாந்து அருகே சுயோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில், நீண்ட கழுத்துடன் அழுகிய உடல் ஒன்று சிக்கியது. பிளீசியோசர் என்னும் அழிந்துபோன கடல் ஊர்வன என்றே பேச்சு கிளம்பியது. ஆனால் அதைக் கடலில் தள்ளுவதற்கு முன் படம் பிடித்து, நீளத்தை அளந்து, துடுப்பிலிருந்து நாரும் எடுத்து வைத்திருந்தார்கள். ஆய்வு பாஸ்கிங் சுறா என்னும் பெரிய சுறா வகையையே சுட்டியது. அந்தச் சுறா அழுகும்போது தாடையும் செவுள்களும் முதலில் கழன்றுவிடுவதால், எஞ்சும் மண்டையும் முதுகெலும்பும் கழுத்துபோல் நீண்டு தெரியும். அந்த மாலுமிகள்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

நாற்பது நாள் கடலில் கிடப்பவர்களின் வீடுகளுக்குள் இத்தகைய காணொளிகள் புகுந்து, பிள்ளைகளையும் பெண்களையும் தூங்கவிடாமல் செய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. கடலில் பெரியவை இல்லாமல் இல்லை. பெரியப்பாவே அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறாவைப் படகோரத்தில் கண்டிருக்கிறார். எவ்வளவு பெரிது என்று அன்று கேட்டேன். அவர் சற்றுநேரம் கண்ணை மூடி, படகின் முன்முனையான அணியத்திலிருந்து அளப்பதுபோல் கையால் காற்றில் அளந்து பார்த்தார்.

“ஆறு பாகம். ஏழுண்ணு நான் சொல்ல மாட்டேன்.”