"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது போன ஆவணியில். மூன்று வாரத்துக்கு முன்பே அது முகம் காட்டியிருந்தது. சாப்பிடும்போது வலது கை சோற்றைப் பிடிக்காமல் நழுவவிட்டது. பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டது. "பித்தமா இருக்கும்" என்றாள் அம்மா. நானும் விட்டுவிட்டேன். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று அடைபட்டு விலகினால் அப்படித்தான் ஆகுமாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்த அன்று காலை ஆறே முக்கால். குடித்த காபி வாயின் வலது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. அவருக்குத் தெரியவே இல்லை. "சிரிங்கப்பா" என்றேன். ஒரு பக்கம்தான் அசைந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் வலது கை மெல்ல இறங்கியது. பேச்சு குழறியது. உடனே 108-க்கு அடித்தேன்.

அதற்குள் எதிர்வீட்டு மாமா புறா ரத்தம் தடவலாம் என்றார். அம்மா தண்ணீரோடு வந்தாள். இரண்டுக்கும் வேண்டாம் என்றேன். விழுங்க வராத நேரத்தில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கொடுக்கக் கூடாது; அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

ஆம்புலன்ஸில் விரலில் குத்தி முதலில் சர்க்கரை பார்த்தார்கள். அது ரொம்பக் குறைந்தாலும் இதே மாதிரி ஆகுமாம். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" அம்மா தடுமாறவில்லை: "ஆறு மணிக்குப் பால்காரர்கிட்ட கணக்குப் பேசினார்." அந்த மணியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தரும். எட்டரைக்கு ஊசி ஏறியது.

பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் இடது கையால்தான் போடுகிறார்.

"தலைசுத்தல் இல்லையே" என்று பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இப்போது அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பீடி போய்விட்டது. கருவாடும் ஊறுகாயும் போனதில்தான் அவருக்கு வருத்தம். பிரஷரை அம்மா தினக் காலண்டரில் எழுதி வைக்கிறாள். நேற்றைய தாளில் 132/84.