வெண்டைக்காய் மண்டியும் செஃப் நிரலும்

காரைக்குடி வீட்டில் இன்று வெண்டைக்காய் மண்டி, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் செட்டிநாட்டுக் குழம்பு. கத்திரிக்காய் மண்டி வைத்த பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடப் போனேன். ஆயா கையைப் பிடித்துவிட்டார்கள். "முதல்ல தனியா வதக்கு, அப்புறம் அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்து. இல்லேன்னா கொழகொழன்னு ஆயிரும்."

உடனே செஃப் ஞாபகம் வந்தது. 1986-ல் கிரிஸ்டியன் ஹாமண்ட் விவரித்த செயற்கை நுண்ணறிவு நிரல் அது. சமையல் எல்லாம் கணினிக்குள்தான். மாட்டிறைச்சி, பீன்ஸ் வதக்கல் குறிப்பில் பீன்ஸுக்குப் பதில் பிராக்கோலியை வைத்துப் பார்த்தது. இறைச்சி விட்ட நீரில் பிராக்கோலி நமுத்துப்போனது. ஏன் என்று ஆராய்ந்து, தனித்தனியாக வதக்கும்படி திருத்தியது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்ததுதான்: அந்தத் தவறையும் சேர்த்தே சேமித்துக்கொண்டது. பிறகு கோழியும் பட்டாணிக்காயும் கேட்டபோது, சிக்கலை முன்கூட்டியே எதிர்பார்த்தது.

ஆயா சொன்னபடியே வதக்கினேன். மண்டி நன்றாக வந்தது.